ரிச்சி தெருவுக்கு வந்த தேக்குப் பெட்டி

சென்னை அண்ணா சாலையின் இரைச்சலிலிருந்து தப்பித்து உள்ளே திரும்புகிறவர்களை ரிச்சி தெரு இன்னொரு இரைச்சலோடு வரவேற்கும். காலை பத்தரை மணிக்கு மேல்தான் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறும். பதினொரு மணிக்கெல்லாம் நடக்க இடம் இருக்காது. அட்டைப் பெட்டிகளை மலைபோல் அடுக்கிய மீன்பாடி வண்டி ஒரு பக்கம், அதை முந்தப் பார்க்கும் ஸ்கூட்டர் இன்னொரு பக்கம். நடுவில் நின்று, "என்ன சார் வேணும்? லேப்டாப் சர்வீஸா, சிசிடிவியா, ரிமோட்டா?" என்று கேட்கும் பையன்கள். இரண்டு கடை தள்ளி ஒரு ஸ்பீக்கர் கடையில் ஒரு பாட்டு ஓடும். எதிர்க்கடையில் வேறு பாட்டு. இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டாக வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை ஓர் ஆட்டோ வந்து நின்றது. பழைய வேட்டியில் சுற்றிக் கயிற்றால் கட்டிய ஒரு பெட்டி அதிலிருந்து இறங்கியது. இடுப்பளவு உயரம், நல்ல கனம். கொண்டுவந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். மேற்கு மாம்பலத்துக்காரர்.

"என்ன சார், ரேடியோவா?" என்றான் ஒரு கடைப் பையன்.

"ஸ்பீக்கர் பெட்டி. வீட்ல இன்னொண்ணு இருக்கு. ஜோடி."

அவருடைய அப்பா 1974இல் தச்சரை வீட்டுக்கே வரவழைத்துச் செய்த பெட்டிகள் அவை. தேக்குச் சட்டம், தேக்கு வினீர் ஒட்டிய பிளைவுட், முன்னால் பழுப்பு நிறத் துணி, உள்ளே 8 அங்குல ஸ்பீக்கர் ஒன்றும் சின்ன ட்வீட்டர் ஒன்றும். அந்தக் காலத்தில் ஸ்டீரியோ கேட்க ஆசைப்பட்ட நடுத்தரக் குடும்பங்களில் பலர் இப்படித்தான் செய்தார்கள். கம்பெனிப் பெட்டியோடு வாங்க வசதி இருக்காது; ஸ்பீக்கரை மட்டும் வாங்கிவந்து, பெட்டியைத் தெருமுனைத் தச்சரிடம் விட்டுவிடுவார்கள். அதனால்தான் தமிழ்நாட்டில் பரணில் ஏறிக் கிடக்கும் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளில் ஒன்றைப் போல இன்னொன்று இருப்பதில்லை.

இப்போது அந்த வீடு அடுக்குமாடிக் குடியிருப்பாகப் போகிறது. ஆவணி பிறந்ததும் வீட்டைக் காலி செய்து பில்டரிடம் ஒப்படைக்க வேண்டும். அம்மாவும் மகனும் போகும் வாடகை வீட்டில் இரண்டே அறைகள். கட்டிலும் பீரோவும் போக மீதி இடத்துக்கு எது வரும், எது போகும் என்று வீட்டில் தினமும் பேச்சு. பழைய சாமான் எடுப்பவர் இரண்டு பெட்டிகளுக்கும் சேர்த்து 400 ரூபாய் சொல்லியிருந்தார், அதுவும் தேக்குக்காக. பெங்களூரில் இருக்கும் தங்கையோ, "ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கி அனுப்பறேன்ணா, அந்தப் பெட்டியை விட்ரு" என்றாள். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் சாப்பாடு போடும்போது, "அது பாடினா வச்சுக்கலாம். பாடாதத ஏன் தூக்கிட்டு அலையணும்?" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் மகனை ரிச்சி தெருவுக்குக் கொண்டுவந்தது. ஆடி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது.

ரிச்சி தெரு என்பது பெயருக்கு ஒரு தெரு. சனங்கள் அந்தப் பெயரில் சொல்வது நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, சுற்றியுள்ள சந்துகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். ரேடியோ, டேப் ரெக்கார்டர் உதிரி பாகங்கள் விற்று வளர்ந்த இடம், டிவி, கம்ப்யூட்டர், செல்போன் என்று காலத்துக்கு ஏற்ப உடுப்பு மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் எந்த அலையிலும் ஸ்பீக்கர் வியாபாரம் மட்டும் இங்கிருந்து போகவில்லை. போகவும் போகாது. கோயில் திருவிழாவும் கல்யாணமும் கட்சிக் கூட்டமும் உள்ள ஊரில் மைக் செட்காரர்களுக்கு வேலை குறையுமா என்ன?

சத்தத்துக்கும் இந்த வட்டாரத்துக்கும் வேறு தொடர்பும் உண்டு. பக்கத்திலேயே பிளாக்கர்ஸ் சாலை. அங்கேதான் ரகுபதி வெங்கையா 1914இல் கெயிட்டி திரையரங்கைக் கட்டினார். ஊமைப் படங்களின் காலத்தில் தொடங்கி, படம் பேசக் கற்றுக்கொண்டதையும் பார்த்த அரங்கு. இன்று அது இல்லை. கொஞ்சம் தள்ளினால் சிந்தாதிரிப்பேட்டை. 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை அது. 'சின்னத் தறிப்பேட்டை' என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். துணிக்கும் ஸ்பீக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. அதற்கும் இந்தக் கதையில் இடம் உண்டு.

முதல் கடையில் பெட்டியின் கட்டை அவிழ்த்ததும் பையன் ஒரு ஸ்பீக்கரை எடுத்து மேசைமேல் வைத்தான். கனமான காந்தம், தடித்த ரப்பர் விளிம்பு, நடுவில் வெள்ளி எழுத்தில் வாட் கணக்கு. கார் டிக்கியில் வைக்கும் சப்வூஃபர்.

"இத போடுங்க சார். வீடே அதிரும்."

இந்தத் தெருவில் ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட்?" என்றுதான். விற்பவர்களும் அதையே சொல்லி விற்கிறார்கள். உண்மையில் அது அந்த ஸ்பீக்கர் எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்பதற்கான கணக்குதான்; எவ்வளவு சத்தம் தரும் என்பதற்கு அல்ல. அதைச் சொல்வது டெசிபல் கணக்கு. ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எவ்வளவு சத்தம் என்பது. பழைய காலக் காகிதக் கோன் ஸ்பீக்கர்களில் இது பெரும்பாலும் 90க்கு மேலேயே இருக்கும். அன்றைக்கு ஆம்ப்ளிஃபயர்களின் பலம் அவ்வளவுதான் என்பதால், ஸ்பீக்கர்தான் சிக்கனமாக இருக்க வேண்டியிருந்தது. கார் சப்வூஃபரோ 84 பக்கம் நிற்கும். 10 டெசிபல் குறைந்தால், அதே சத்தம் கேட்கப் பத்து மடங்கு வாட் வேண்டும். அப்பாவின் ஆம்ப்ளிஃபயர் பக்கத்துக்கு 10 வாட். இந்த சப்வூஃபரை அதில் மாட்டினால் வீடு அதிராது. ஆம்ப்ளிஃபயர்தான் மூச்சு வாங்கும்.

மாம்பலத்துக்காரருக்கு அந்த நேரத்தில் இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. விலை கேட்டார், பாதி மனசோடு பர்ஸையும் எடுத்தார். கடையின் உள்ளே உட்கார்ந்திருந்த முதலாளி பெட்டியை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "இது பாட்டு கேக்கற பெட்டி சார். பையன் சொல்றதக் கேக்காதீங்க. பின்னாடி சந்துல மாடியில பாய் ஒருத்தர் கோன் மாத்தறாரு. அவர்கிட்ட ஒரு வாட்டி காட்டிட்டு வாங்க" என்றார். வியாபாரம் கையில் வந்த நேரத்தில் இப்படிச் சொல்கிறவர்களும் இந்தத் தெருவில் உண்டு. பொதுவாக ரிச்சி தெருவைப் பற்றி ஏமாற்றுக் கதைகள்தான் அதிகம் சொல்லப்படுகின்றன.

செங்குத்தான படி. மேலே பத்துக்குப் பத்து அறை. சுவரெல்லாம் ஸ்பீக்கர் கூடுகள். காகிதம் கிழித்தெடுத்தவை, வெறும் இரும்புக் கூடையாகத் தொங்குபவை, கோயில் திருவிழாவில் மழையில் நனைந்தவை. மேசைமேல் பசை டப்பா, செப்புக் கம்பிச் சுருள், ஒரு பழைய மல்டிமீட்டர். பாய்க்கு எழுபது வயது சொல்லலாம்.

"வச்சிட்டு உக்காருங்க தம்பி" என்றார். பெட்டியின் பின்பலகையைத் திறந்தார். எட்டுத் திருகும் துருவேறி அடம்பிடித்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் காத்திருந்து பிறகுதான் ஸ்குரூ டிரைவரை வைத்தார். அவசரப்பட்டிருந்தால் தேக்குச் சட்டத்தில் திருகின் தலை முறிந்து நின்றிருக்கும்.

ஸ்பீக்கரை வெளியே எடுத்ததும் நிலவரம் தெரிந்தது. கோனின் விளிம்பைப் பூச்சி அரித்திருந்தது. பாய் இரண்டு கை விரல்களையும் கோனின்மேல் பரப்பி மெதுவாக உள்ளே அழுத்தினார். 'கர்' என்று உராயும் சத்தம். உள்ளே காந்தத்தின் இடைவெளியில் மிதக்க வேண்டிய வாய்ஸ் காயில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம். எந்தப் பழைய ஸ்பீக்கரையும் வாங்குவதற்கு முன்னால் எவரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது, காசு செலவில்லை.

ஸ்பீக்கர் என்பது அடிப்படையில் இவ்வளவுதான்: ஒரு காந்தம், அதற்குள் ஆடும் கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. 1925இல் அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் இருவரும் வெளியிட்ட வடிவம்தான் இன்றைய ஸ்பீக்கர்களுக்கும் அடிப்படை. மாறியதெல்லாம் பொருட்கள். காந்தம் அல்னிகோவிலிருந்து ஃபெரைட்டுக்கு வந்தது, கோன் விளிம்பு காகிதத்திலிருந்து ரப்பருக்கு வந்தது, பசை மாறியது, சூடு தாங்கும் சுருள் வந்தது.

"கோன் மாத்திக் குடுத்துடலாம்" என்றார் பாய். "ஆனா தம்பி, இதே கோன் இப்ப கிடைக்காது. வேற கோன் போட்டா வேற குரல். காந்தம் பழசு, காயில் புதுசு, கோன் வேறன்னு கலந்தா எது எப்படி வரும்னு எனக்கே சொல்ல முடியாது. மைக் செட்டுக்குன்னா பரவால்ல. வீட்டுக்குன்னா புதுசு வாங்கிப் போடுங்க. ஆனா பொட்டிய அளந்துட்டுப் போயி வாங்குங்க."

பெட்டியை அளப்பதா? மாம்பலத்துக்காரருக்கு விளங்கவில்லை. பாய் டேப்பை எடுத்து உள்பக்கம் அளந்தார். அகலம் 32 சென்டிமீட்டர், ஆழம் 26, உயரம் 54. மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கணக்கு வந்துவிடும்: ஏறக்குறைய 45 லிட்டர்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஸ்பீக்கர் பெட்டி வெறும் உறை அல்ல. கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பின்பக்கத்துச் சத்தம் முன்பக்கத்தோடு சேர்ந்தால் கீழ்ஸ்தாயி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெட்டி அதைத் தடுக்கிறது. அதோடு, பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி கோனைத் திருப்பித் தள்ளுகிறது. பெட்டி சிறிதானால் ஸ்பிரிங் விறைப்பு, பெரிதானால் தொய்வு. எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் காற்று என்று முன்கூட்டியே கணக்கிடும் வழியை ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் எழுதினார். 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்டு ஸ்மால் அதை விரிவாக்கினார். நல்ல தயாரிப்பாளர்கள் இன்று தரும் விவரத்தாளில் இருக்கும் எண்களுக்கு 'தீல்-ஸ்மால்' என்றே பெயர். 1974இல் மேற்கு மாம்பலத்தில் உளி பிடித்த தச்சருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. பெரிதாக இருந்தால் சத்தம் நன்றாக வரும் என்று அவர் செய்திருப்பார். முக்கால்வாசி அது சரியும்கூட.

ஆக, பெட்டியைத் தூக்கி வந்து ஸ்பீக்கரைத் தேடுவதைவிட, மூன்று எண்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவது மேல். ஆட்டோ கூலியும் மிச்சம்.

அன்று மதியத்துக்கு மேல் அவர் ஐந்து கடைகள் ஏறினார். "விவரத்தாள் இருக்கா?" என்று கேட்டதும் மூன்று கடைகளில் ஆளைப் பார்த்தார்கள். இந்தத் தெருவில் அட்டைப் பெட்டியில் இருக்கும் பெயருக்கும் உள்ளே இருக்கும் சரக்குக்கும் சம்பந்தம் இல்லாமல் இருப்பது அபூர்வம் அல்ல. கையில் எடுத்துப் பார்க்காமல், மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 பக்கம் காட்டும், 4 ஓம் என்றால் 3 சொச்சம். 8 ஓமுக்கு என்று செய்த பழைய ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் அது சூடாகிப் படுத்துவிடலாம். கார் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 4 ஓம் என்பதை விற்பவர் நினைவுபடுத்த மாட்டார்.

நான்காவது கடையில் கிடைத்தது. காகிதக் கோன், ரப்பர் விளிம்பு, 8 அங்குலம், 8 ஓம், 89 டெசிபல். விவரத்தாளை முதலாளியின் மகன் செல்போனில் எடுத்துக் காட்டினான். அந்த ஸ்பீக்கரின் அதிர்வு எண் 38, 'கியூ' என்று சொல்லப்படும் எண் 0.45, காற்றளவு 50 லிட்டர். முழுதாக மூடிய 45 லிட்டர் பெட்டியில் வைத்தால் அந்த 'கியூ' 0.65 ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னான். 0.7 பக்கம் இருந்தால் கீழ்ஸ்தாயி குழையாமல், உறுமாமல் வரும். பழையதைவிடச் சத்தம் ஐந்து டெசிபல் அளவுக்குக் குறையலாம். ஆனால் போகிற வீடு இரண்டறை, பக்கத்துச் சுவருக்கு அப்பால் பச்சைக் குழந்தை. 10 வாட் தாராளம்.

ஜோடியாக வாங்கினார். கூடவே ஒரு அங்குல பட்டு டோம் ட்வீட்டர் இரண்டு, கிராஸ்ஓவர் போர்டு இரண்டு. "மாத்தித் தருவீங்களா?" என்ற கேள்விக்குத் தெரு வழக்கப்படியான பதில்தான் வந்தது: "இங்கேயே செக் பண்ணிக்குங்க சார், வெளிய போனா நாங்க பொறுப்பில்ல." செக் செய்ய ஒரு பென்சில் பேட்டரி போதும். ஸ்பீக்கரின் பிளஸ் முனையில் பேட்டரியின் பிளஸ்ஸை ஒரு கணம் தொட்டால் கோன் முன்னால் வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் நகர வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால், இரண்டையும் சேர்த்துப் போடும்போது தவில் காணாமல் போய்விடும்.

தவில் என்று சொல்லக் காரணம் உண்டு. அப்பாவின் இசைத்தட்டுகளில் பாதிக்கு மேல் நாதஸ்வரம். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் நாதஸ்வரம் வாசித்த காருகுறிச்சி அருணாசலத்தின் தட்டுகளை, சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் தேடித் தேடி வாங்கியவர் அவர். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த மறுநாள் வேலைக்குப் போகாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்று அம்மா சொல்வார்.

வீட்டில் வேலை மூன்று ஞாயிறுகள் ஓடியது. மகன் தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: தச்சர் வெட்டிய மரத்தில் புதிதாக ஒரு வெட்டும் விழக் கூடாது. புதிய ஸ்பீக்கரின் திருகுத் துளைகள் பழைய துளைகளோடு பொருந்தவில்லை. அதனால் 12 மில்லிமீட்டர் மரைன் பிளையில் வளையம் வெட்டி, வளையத்தைப் பழைய துளைகளிலும், ஸ்பீக்கரை வளையத்திலும் முடுக்கினார். பின்பலகையில் தச்சர் காற்றுக்காக நீள நீளமாகக் கோடுபோல் துளையிட்டிருந்தார். மூடிய பெட்டிக்கு அது ஆகாது. அதையும் அடைக்காமல், புதிய பின்பலகை ஒன்று செய்து, பழையதைப் பழைய ஸ்பீக்கர்களோடு சேர்த்துத் துணியில் சுற்றி வைத்துவிட்டார்.

பெட்டியில் காற்று எங்கே கசிகிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, எரியும் டார்ச்சைப் பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும். ஒரு ராத்திரி கூடத்தில் அப்படி வைத்துவிட்டு மகன் சுற்றிச் சுற்றி வந்தார், ஒன்றும் தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாதான், "கீழ மூலைல பாரு, நட்சத்திரம் மாதிரி" என்றார். கரையான் போன வழி. மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைத்தார்கள்.

பெட்டிக்குள் எதிரொலியை அடக்கப் பஞ்சு வேண்டும். கடையில் விற்கும் கண்ணாடி இழைப் பஞ்சு கையை அரிக்கும். வீட்டில் வயதானவர் இருக்கும்போது அது வேண்டாத வேலை. அம்மா ஒரு பழைய இலவம்பஞ்சுத் தலையணையைப் பிரித்துக் கொடுத்தார். இலவம்பஞ்சு பறக்கும், காயிலுக்குள் போனால் வம்பு. மெல்லிய துணிப் பைகளில் போட்டுத் தைத்து, சுவரோரம் மட்டும் வைத்தார்கள். தையலும் அம்மாதான்.

முன்துணி மக்கிப் போயிருந்தது. எந்தத் துணி பொருத்தம் என்பதற்குக் கடைக்காரர் தேவையில்லை. துணியை வாயோடு வைத்து ஊத வேண்டும். மூச்சு தடையில்லாமல் அந்தப் பக்கம் போனால் பாட்டும் போகும். நெருக்கமாக நெய்த சோபாத் துணி பார்வைக்கு நன்றாக இருக்கும், ட்வீட்டரை ஊமையாக்கிவிடும். பீரோவில் கிடந்த அப்பாவின் பழுப்புக் கதர்த் துண்டு ஒன்று, இழை இழையாக இளகியது, ஊதிப் பார்த்ததில் தேறியது. நெசவுக்காரர்களின் பேட்டை வரைக்கும் போய்த் துணி வாங்கத் தேவைப்படவில்லை.

வினீரை மெஷின் வைத்துத் தேய்க்கலாம் என்று யோசனை சொன்ன நண்பரின் பேச்சை நல்லவேளையாக அவர் கேட்கவில்லை. வினீர் என்பது காகிதத் தடிமனுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. மெஷின் பட்டால் கீழே உள்ள பிளை தெரிந்துவிடும். நைஸ் உப்புத்தாளால் கையால் இழை போகும் திசையிலேயே தேய்த்து, அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷை நான்கு கை கொடுத்ததும் தேக்கின் ரேகைகள் எழுந்து வந்தன.

முதல் தடவை போட்டபோது நாதஸ்வரம் காதைக் குத்தியது. புதிய ட்வீட்டர் வூஃபரைவிடச் சூட்டிகை. புதன்கிழமை மறுபடியும் ரிச்சி தெரு. ட்வீட்டருக்கு முன்னால் போட ஒரு வெள்ளை செராமிக் ரெசிஸ்டர். சில ரூபாய்ச் சாமான். அதற்காக நாலு மதிப்பில் வாங்கி, மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டு, ஒன்றை நிறுத்தினார். இந்த இடத்தில் எந்த விவரத்தாளும் உதவாது, காதுதான். இறங்கும் வழியில் பாயையும் பார்த்துவிட்டு வந்தார். "தவில் எப்படி வருது?" என்று மட்டும் கேட்டார் அவர். நல்ல கேள்வி. தவிலின் வலந்தலையில் விரல்கூடு படும் சொடுக்கு ட்வீட்டரின் நேர்மையைக் காட்டிவிடும். தொப்பியில் குச்சி விழுவது பெட்டியின் நேர்மையைக் காட்டிவிடும். சரியில்லாத பெட்டியில் ஒரு அடி முடிவதற்குள் அடுத்தது வந்து, எல்லாம் ஒரே உறுமலாகக் கலந்துவிடும்.

ஆடி முடிய இரண்டு நாள் இருக்கும்போது சாயங்காலம் இரண்டு பெட்டிகளையும் கூடத்தில் வைத்தார். பாதிச் சாமான் மூட்டை கட்டியாகிவிட்டதால் கூடம் எதிரொலித்தது. இசைத்தட்டைத் துடைத்து வைத்து ஊசியை இறக்கினார். ஆலாபனை முடிந்து தவில் சேர்ந்துகொண்டது. தொப்பியில் விழுந்த ஒவ்வொரு அடியும் தனித்தனியாக வந்து நின்றது. அம்மா நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

ஒரு பக்கம் முடிந்ததும், "நல்லா இருக்கு. வலது பக்கம் மட்டும் கொஞ்சம் சத்தம் கம்மி" என்றார்.

மகன் வலது பெட்டியின் ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்தார். 6.1. இடதும் 6.1. பேட்டரி வைத்துப் பார்த்தார், கோன் சரியாக முன்னால் வந்தது. கிராஸ்ஓவர் சால்டரை மறுபடியும் தொட்டார். கடைசியில் இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி வைத்துவிட்டு மறுபடி போட்டார்.

"இப்பவும் வலது பக்கம்தான் கம்மி" என்றார் அம்மா.

மகன் கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில மாதங்களாகப் போனை இடது காதில்தான் வைத்துப் பேசுகிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்றும் சொல்லவில்லை. ஆம்ப்ளிஃபயரின் பேலன்ஸ் குமிழை வலது பக்கம் கொஞ்சம் திருப்பினார்.

"ஆங், இப்ப சரியாயிடுச்சு" என்றார் அம்மா. "என்ன பண்ணினே?"

"ஒரு ஒயர் லூஸா இருந்ததும்மா."

இரண்டு பெட்டிகளும் இப்போது வாடகை வீட்டில் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் நிற்கின்றன. அடுத்த வாரம் காது டாக்டரிடம் போக நேரம் வாங்கியிருக்கிறார் மகன். பேலன்ஸ் குமிழ் திருப்பிய இடத்திலேயே இருக்கிறது.